பழைய வெப்சைட்டை உடைக்காமல் புதுப்பிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளி, சிப்காட்டில் ஒரு சிறு கம்பெனி. எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் சில வாரங்களில் "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருதே, நம்ம வெப்சைட்டையும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று அந்தப் பொறுப்பும் வந்து சேரும். தளத்தைப் பல வருடங்களுக்கு முன்பு யாரோ செய்து கொடுத்திருப்பார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்ததும் மேலே ஓர் அறிவிப்பு தெரியும்: புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே புதுப்பிக்கவும்.

அந்தப் பொத்தானை இன்று அழுத்த வேண்டாம். அழுத்தும் நாள் வரும். அதற்கு முன் ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூலத் தளத்தில், அதாவது மக்கள் இப்போது பார்க்கும் தளத்தில், எதையும் முதல்முறையாகச் செய்யக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு நகலில் செய்து பார்த்து, அந்த நகலைக் கண்ணால் வாசித்துச் சரிபார்த்த பிறகே மூலத்தைத் தொட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான். தளங்களை நடத்தும் மென்பொருள்களில் நம் பகுதியில் அதிகம் இருப்பது வேர்ட்பிரஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அதே வகை மென்பொருள்களான ஜூம்லா, ட்ரூபல் பற்றியும் இடையில் வரும்.

"நல்லாத்தானே ஓடுது?"

முதலாளி இதைக் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான், அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். தளம் ஓடுவது பிஎச்பி என்ற மொழியின் மேல். பிஎச்பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. 7.4-க்கு 2022 நவம்பரில் நின்றன. ஜூம்லா 3-இன் ஆதரவு 2023 ஆகஸ்டில் முடிந்தது. ட்ரூபல் 7, 2011 ஜனவரி 5 அன்று வெளிவந்து, சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரி 5 அன்று ஓய்வு பெற்றது. இவற்றில் இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை உருவாக்கியவர்கள் இலவசமாக அடைத்துத் தர மாட்டார்கள்.

ஓட்டை வெளியே தெரிந்தபின் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்டால், 2014 அக்டோபரில் நடந்ததைச் சொல்லலாம். ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய குறை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள் ஏற்கெனவே ஊடுருவப்பட்டுவிட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. தாக்குவது மனிதர்கள் இல்லை, தானியங்கி நிரல்கள். உங்கள் கெஸ்ட் ஹவுஸ் சின்னதா பெரியதா என்று அவை பார்ப்பதில்லை.

சாவிகளைச் சேகரியுங்கள்

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தில். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) எங்கே வாங்கப்பட்டது, எப்போது காலாவதியாகிறது, ஹோஸ்டிங் (தளம் இருக்கும் வாடகைச் சர்வர்) கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் நிர்வாகி மின்னஞ்சலாக எந்த முகவரி இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். வேர்ட்பிரஸ் 5.2-இலிருந்து, தளம் உடைந்தால் உள்ளே நுழைந்து சரிசெய்வதற்கான மீட்பு இணைப்பை நிர்வாகியின் மின்னஞ்சலுக்குத்தான் அது அனுப்பும். அந்த முகவரி பழைய டெவலப்பருடையதாக இருந்தால், அவசரத்தில் உதவ வேண்டிய கடிதம் அவருடைய இன்பாக்ஸில் போய்க் கிடக்கும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

பழைய டெவலப்பரைத் தேடிப் பிடிக்க முடிந்தால் மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணா, தளத்துல கையால எதையாவது மாத்தியிருக்கீங்களா?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை குறையும். இன்னொன்று: அலுவலக மின்னஞ்சல்களும் அதே ஹோஸ்டிங்கில்தான் ஓடுகின்றனவா என்று பாருங்கள். தளத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுபோகலாம். வெப்சைட் ஒரு நாள் நின்றால் முதலாளி பொறுத்துக்கொள்வார், மெயில் நின்றால் பொறுக்க மாட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது?

வேர்ட்பிரஸ் பதிப்பு, பிஎச்பி பதிப்பு, தளத்தின் எழுத்தெல்லாம் இருக்கும் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல்லா மரியாடிபியா, அதன் பதிப்பு எது, தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) எது, பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) எவை என்று எழுதுங்கள். வேர்ட்பிரஸ் 5.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'தள நலம்' என்ற பக்கத்திலேயே எல்லாம் கிடைக்கும். அதற்கும் பழையதென்றால் ஹோஸ்டிங் பேனலில், அதாவது ஹோஸ்டிங் நிறுவனம் தரும் நிர்வாகப் பக்கத்தில், பாருங்கள்.

பிளகின்களில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வேர்ட்பிரஸ் பிளகின் பட்டியலில் தேடி, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பயன்படாதவற்றை நிறுத்தி வைப்பது போதாது, நீக்க வேண்டும். நிறுத்தி வைத்த பிளகினின் கோப்புகளும் சர்வரில் இருக்கும், அவை வழியாகவும் உள்ளே நுழையலாம். பட்டியலிலிருந்தே காணாமல் போன பிளகின் இருந்தால், அது செய்யும் வேலைக்கு மாற்று தேடுங்கள்.

தீமோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்த கட்டணப் பிளகின்கள் தனி ஆபத்து. உரிமம் தீம் செய்தவரிடம் இருக்கும், உங்களுக்குப் புதுப்பிப்பு வராது, வரவில்லை என்றும் தெரியாது. 2014 டிசம்பரில் ரெவொல்யூஷன் ஸ்லைடர் என்ற படக்காட்சிப் பிளகினின் பழைய பதிப்பு வழியாக ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்களில் தீநிரல் நுழைந்தது. கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைத் தடைப்பட்டியலில் போட்டது. அவர்களில் பலருக்குத் தங்கள் தீமுக்குள் அந்தப் பிளகின் இருப்பதே தெரியாது.

தீமின் கோப்புகளை யாராவது நேரடியாகத் திருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருத்தியிருந்தால், தீமைப் புதுப்பித்த நொடியில் அந்த மாற்றங்கள் அழிந்துபோகும். தீமின் அதே பதிப்பை அசலாக இறக்கி, இரண்டையும் ஒப்பிடும் கருவியில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் அவற்றைச் 'சைல்டு தீம்' ஒன்றுக்கு, அதாவது அசல் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் துணைத் தீமுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தளம் ஏற்கெனவே ஹேக் ஆகியிருக்கிறதா? பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி யாராவது இருக்கிறாரா, படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோடு கோப்புறையில் பிஎச்பி கோப்பு கிடக்கிறதா, கூகுளில் உங்கள் டொமைனைத் தேடினால் மருந்து விற்கும் பக்கங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முதலில் சுத்தம், பிறகுதான் புதுப்பிப்பு. புதிய பதிப்பு போட்டால் பழைய பின்வாசல் தானாக மூடிக்கொள்ளாது.

பேக்கப்பும் தமிழும்

பேக்கப் என்றால் இரண்டு: கோப்புகள், தரவுத்தளம். பலர் கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள். எழுதிய எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் எடுங்கள். கோப்புகளை ஹோஸ்டிங் பேனலின் ஃபைல் மேனேஜரில் ஜிப் செய்து இறக்குங்கள். தரவுத்தளத்தை அதே பேனலில் இருக்கும் பிஎச்பிமைஅட்மின் என்ற தரவுத்தளக் கருவி வழியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜிப் கோப்பைச் சர்வரில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பெயரை ஊகித்தால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது ஏற்றுமதியான கோப்பை ஓர் உரைத் திருத்தியில் திறந்து, தமிழ்ப் பக்கம் ஒன்றின் சில சொற்களைத் தேடுங்கள். இந்தப் படியை ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலும் பார்க்க முடியாது. நமக்கு இதுதான் உயிர்.

தமிழ் தமிழாகவே தெரிந்தால் நல்லது, மேலே போங்கள். தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், தலையில் குறி போட்ட ரோமன் எழுத்துகளும் வேறு சின்னங்களும் மும்மூன்றாக வந்தால் பயப்பட வேண்டாம். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். தரவுத்தளம் அந்த மூன்றையும் லத்தீன் எழுத்துகள் என்று தவறாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. தகவல் இன்னும் அங்கேயே இருக்கிறது, பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் அவசரப்பட்டு எழுத்துக் குறிமுறையை மாற்றும் பொத்தான் எதையும் அழுத்தாதீர்கள். அதே லத்தீன் அமைப்பில் மீண்டும் ஏற்றுமதி செய்து, கோப்பைத் திறந்து, தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்தக் கோப்பில் இருக்கும் லத்தீன் என்ற பெயரை யுடிஎஃப்-8 என்று மாற்றி நகலில் ஏற்றலாம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் கவலை. அந்தக் கோப்பில் எழுத்து போய்விட்டது, எந்தக் கருவியாலும் திரும்ப வராது. மூலத் தளத்தில் தமிழ் நன்றாகத் தெரிகிறது என்றால் ஏற்றுமதிதான் தவறு. மூலத்தைத் தொடாமல் ஏற்றுமதி அமைப்பை மாற்றி மறுபடி எடுங்கள்.

புதுச்சேரித் தளங்களில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல கெஸ்ட் ஹவுஸ்களின் தளங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என மூன்று மொழிகளில் இருக்கும். லத்தீன் குறிமுறையில் பிரெஞ்சின் குறியிட்ட எழுத்துகளுக்கு இடம் உண்டு, தமிழுக்கு இல்லை. அதனால் தவறான மாற்றத்தில் பிரெஞ்சுப் பக்கம் பிழைத்துக்கொள்ளும், தமிழ்ப் பக்கம் மட்டும் கேள்விக்குறிகளாக மாறும். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டால், தமிழ் அழிந்தது யாருக்கும் தெரியாமலே போகும். தமிழ்ப் பக்கத்தைக் கடைசியாகப் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. இந்த வேலையில் அதை முதலில் பாருங்கள்.

பேக்கப்பை எங்கே வைப்பது? அலுவலகத்து ஹார்டு டிஸ்கில் ஒன்று, ஊருக்கு வெளியே இருக்கும் மேகச் சேமிப்பில் ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தபோது பல இடங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளத்து மேசைக்குக் கீழே இருக்கும் ஒற்றை டிஸ்க் நம் ஊரில் பேக்கப் ஆகாது. அதே சமயம், தரவுத்தளத்தில் விருந்தினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் எல்லோருக்கும் திறந்த இணைப்பில் போடுவதும் கூடாது.

நகல் எழுப்புவது

எடுத்த பேக்கப்பை வைத்து இன்னொரு தளத்தை எழுப்புங்கள். அதே ஹோஸ்டிங்கில் ஒரு சப்டொமைன் (உங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு தனி முகவரி) போதும், அல்லது உங்கள் கணினியையே சர்வராக்கும் எக்ஸாம்ப் போன்ற மென்பொருளில். இது எழுந்து நின்றால்தான் உங்கள் பேக்கப் உண்மையில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிஎச்பியில் கோப்பேற்ற வரம்பு இயல்பாக 2 எம்பிதான். தரவுத்தளக் கோப்பு அதைவிடப் பெரியதாக இருந்தால் ஏறாது, ஹோஸ்டிங் பேனலில் வரம்பை உயர்த்துங்கள். மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்ததை மரியாடிபியில் ஏற்றினால் 'தெரியாத கொலேஷன்' என்று பிழை வரலாம். கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. கோப்பில் அந்தக் கொலேஷன் பெயரை மரியாடிபிக்குத் தெரிந்த ஒன்றாக மாற்றினால் ஏறிவிடும்.

தள முகவரியை நகலின் முகவரிக்கு மாற்ற உரைத் திருத்தியில் 'தேடி மாற்று' செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சொல்லின் நீளத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறது. சொல்லை மாற்றிவிட்டு, எழுதி வைத்த நீளத்தை மாற்றாவிட்டால் அந்த அமைப்பே படிக்க முடியாமல் போகும். விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் மறைந்துவிடும். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) போன்ற, நீளத்தையும் சேர்த்து மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

நகலுக்குக் கடவுச்சொல் பூட்டுப் போடுங்கள். மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்துங்கள், ஆன்லைனில் பணம் வாங்கும் கட்டண வாசலைச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் சோதிக்கும்போது உண்மையான விருந்தினருக்கு "உங்கள் அறை உறுதி" என்று கடிதம் போய்விடும்.

எந்த வரிசையில் ஏறுவது?

இங்கேதான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். புதிய வேர்ட்பிரஸ் பழைய பிஎச்பியில் ஓடாது, பழைய வேர்ட்பிரஸ் புதிய பிஎச்பியில் உடையும். இரண்டுக்கும் பொதுவான ஒரு படி வேண்டும்.

தளம் பிஎச்பி 5.6-இல் வேர்ட்பிரஸ் 4-ஆம் வரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் வந்த வேர்ட்பிரஸ் 6.2தான் பிஎச்பி 5.6-ஐ ஏற்கும் கடைசி வரிசை. அதே 6.2 பிஎச்பி 7.4-இலும் நன்றாக ஓடும். ஆகவே முதலில், பிஎச்பியைத் தொடாமல் வேர்ட்பிரஸை 6.2-க்குக் கொண்டுபோங்கள். பிறகு பிஎச்பியை 7.4-க்கு மாற்றுங்கள். பிறகு பிளகின்களையும் தீமையும் புதுப்பியுங்கள். அதன்பின் வேர்ட்பிரஸை இன்றைய பதிப்புக்கும், கடைசியாகப் பிஎச்பியை இன்று ஆதரவில் உள்ள 8-ஆம் வரிசைப் பதிப்புக்கும் ஏற்றுங்கள். 7.4-இல் தங்கிவிடக் கூடாது, அது வழியில் கால் வைக்கும் இடம் மட்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் நகலைத் திறந்து பாருங்கள், சரியாக இருந்தால் ஒரு பேக்கப் எடுங்கள்.

ஜூம்லா 3 என்றால் முதலில் 3.10, அங்கிருந்து 4.4, அங்கிருந்து 5. ட்ரூபல் 7-க்கு இப்படிப் படியேற வழியில்லை. புதிய ட்ரூபல் தளம் ஒன்றை அமைத்து, உள்ளடக்கத்தை இடம்பெயர்க்க வேண்டும். தீமைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். முதல்முறை செய்பவர் தனியாக எடுக்கும் வேலை இல்லை அது, அனுபவம் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஎச்பி மாறியதும் வெள்ளைத் திரை வந்தால், பிழைகளைச் சர்வர் குறித்து வைக்கும் எரர் லாக்கைத் திறந்து பாருங்கள். கடைசி வரியில் ஒரு கோப்பின் பாதை இருக்கும், அந்தப் பாதையிலேயே எந்தப் பிளகின் என்ற பெயரும் இருக்கும். பிஎச்பி 7-இல் பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகள் நீக்கப்பட்டன. பிஎச்பி 8-இல் இன்னும் சில பழைய கட்டளைகள் போயின. குற்றவாளி பெரும்பாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய பிளகின்தான். அந்தப் பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது நின்றுவிடும், தளம் திரும்ப வரும். திரை சரியாக இருந்து மெனுவோ படக்காட்சியோ மட்டும் அசையவில்லை என்றால், அவற்றை இயக்கும் ஜேகுவரி என்ற நிரல் தொகுப்பைச் சந்தேகியுங்கள். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5, 5.6 பதிப்புகளில் அது மாறியது.

2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0-இலிருந்து எழுதும் திரையே மாறிவிட்டது. தளத்தில் தினமும் அறிவிப்பு போடும் அலுவலக அக்காவுக்கு முன்கூட்டியே நகலில் காட்டுங்கள். பழைய திரைதான் வேண்டும் என்றால் 'கிளாசிக் எடிட்டர்' பிளகினைப் போட்டுக் கொடுக்கலாம், தவறில்லை.

நகலை வாசியுங்கள்

தமிழ்ப் பக்கங்களை முழுக்க வாசியுங்கள். தமிழ்த் தலைப்பு முகவரியாக இருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும், வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குத் தருவது 200 எழுத்து இடம். நீளமான தமிழ்த் தலைப்புகளின் முகவரிகள் ஏற்கெனவே பாதியில் வெட்டப்பட்டிருக்கும். அவற்றை 'அழகாக்க' முயல வேண்டாம். முகவரி மாறினால் மற்றவர்கள் கொடுத்திருக்கும் பழைய இணைப்புகள் உடையும்.

தமிழில் பெயரிட்ட படங்கள் காணாமல் போயிருக்கின்றனவா? பேக்கப்பை பழைய மேக் கணினி வழியாக நகர்த்தியிருந்தால் இது நடக்கும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு இரண்டும் வேறு பெயர். ஜிப்பாகவே நகர்த்தி, சர்வரிலேயே பிரித்தால் இந்தத் தொல்லை வராது.

படிவங்கள், முன்பதிவு, தேடல் எல்லாவற்றையும் விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனில், மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

மூலத் தளத்தில்

நகலில் செய்ததை வரிசையாக எழுதி வைத்திருப்பீர்கள். அதே வரிசையை மூலத்தில் மறுபடி செய்யுங்கள். நகலைத் தூக்கி மூலத்தின் மேல் போடும் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் நகல் எடுத்த பிறகு மூலத்தில் வந்த முன்பதிவுகள் அதில் இருக்காது, அவை அழிந்துவிடும்.

நள்ளிரவில் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுச்சேரியில் கூட்டம் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை, முன்பதிவுகள் அதற்கு முந்தைய நாட்களில் குவியும். செவ்வாய்க்கிழமை காலை நல்ல நேரம். ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஃபோனை எடுக்க ஆள் இருப்பார், நீங்களும் தெளிவாக இருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்குச் சற்று முன் புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பின்வாங்குவது என்றும் முதலாளியோடு முன்பே பேசி வையுங்கள். பின்வாங்கும்போது கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்தே பழையதற்கு மாற்ற வேண்டும். புதுப்பித்த தரவுத்தளத்தின் மேல் பழைய கோப்புகளை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நடுவில் நெட் போய், தளம் 'பராமரிப்பில் உள்ளது' என்ற செய்தியிலேயே நின்றுவிட்டால், தளத்தின் மூலக் கோப்புறையில் பராமரிப்பு என்ற பொருளில் ஆங்கிலப் பெயரோடு, புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு இருக்கும். அதை நீக்குங்கள். முடிந்ததும் எல்லாக் கேஷ்களையும் (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய பக்கங்களை) அழித்துவிட்டு, தமிழ்ப் பக்கங்களை மறுபடி வாசியுங்கள்.

அடுத்த சில வாரங்கள்

ஒரு வாரம் தினமும் எரர் லாக்கைப் பாருங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், பழைய டெவலப்பரின் நிர்வாகிக் கணக்கை நீக்குங்கள். நீக்கும்போது அவர் பெயரில் உள்ள பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். அவற்றை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பதிவுகளும் சேர்ந்து அழியும். சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே வர வேண்டும். 2013-இல் வந்த 3.7-இலிருந்து இந்த வசதி இருக்கிறது, யாராவது நிறுத்தி வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள். பிளகின்களை மாதம் ஒருமுறை, பேக்கப் எடுத்துவிட்டுப் புதுப்பியுங்கள்.

கடைசியாக, சோதனைக்கு எழுப்பிய நகலை முழுவதுமாக நீக்குங்கள், கோப்புகளையும் தரவுத்தளத்தையும். அதை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். அதே ஹோஸ்டிங்கில் அது கிடந்தால், நீங்கள் இப்போது அடைத்த வழி அதன் மூலம் மறுபடி திறக்கும். புதுப்பிப்பதற்கு முன் எடுத்த பேக்கப்பை மட்டும் மூன்று மாதம் பூட்டி வைத்திருந்து, யாரும் எதையும் காணோம் என்று சொல்லாவிட்டால் அதையும் அழித்துவிடலாம்.